எழுத்தாளரும் உடன்பிறந்தவர்களும்: முதல் படப் புத்தகம் செய்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுவர்களுக்காக எழுதப்படும் எழுத்தாளர் வரலாறுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன ஊரில் இன்னாருக்கு மகனாகப் பிறந்தார், இளமையிலேயே அறிவுக்கூர்மை மிக்கவராக விளங்கினார், இன்னின்ன விருது பெற்றார், இன்ன நாளில் மறைந்தார். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு முகம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறது. சாகித்திய அகாதெமி விருது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. தன் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் தம்பியை நன்றாகத் தெரியும். இரவில் போர்வையை முழுதாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் அக்காவையும் தெரியும். அந்த வழியாக உள்ளே போனால் எந்த எழுத்தாளரையும் ஒரு குழந்தைக்கு அறிமுகப்படுத்திவிடலாம் என்பது என் கட்சி. வழி எளிது. பொய் கலக்காமல் அதில் நடப்பதுதான் கடினம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கடினத்தைப் பற்றியதே.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பள்ளியிலோ நூலகத்திலோ வீட்டுத் திண்ணையிலோ பிள்ளைகளோடு புழங்குகிறவர்கள், ஓரளவு படம் வரையத் தெரிந்தவர்கள், இதுவரை ஒரு புத்தகமும் செய்யாதவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முதல் புத்தகத்துக்கு 16 பக்கம் போதும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

பிடித்த எழுத்தாளர் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரைப் பற்றி இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுக்குள், உடன்பிறந்த ஒருவரோடு நடந்ததாக எழுத்தில் சான்றுள்ள மூன்று நிகழ்ச்சிகள் கிடைக்குமா? மூன்று கிடைத்தால் புத்தகம் உண்டு. ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லையென்றால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய சிலரைச் சொல்கிறேன். தாகூர் தம் இளமை நினைவுகளில் சொல்லும் ஒரு காட்சி இது. இரண்டு வயது மூத்த அண்ணனும், அதே வயதிலிருந்த அக்காள் மகன் சத்யாவும் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். சின்னவனான ரவிக்கு இன்னும் வயதாகவில்லை என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அவன் தானும் போக வேண்டும் என்று அழுகிறான். வீட்டு ஆசிரியர் ஓர் அறை கொடுத்து, இப்போது போவதற்காக அழுகிறாய், பின்னால் விடுபடுவதற்காக இதைவிட அதிகம் அழப்போகிறாய் என்கிறார். இதைவிடச் சுத்தமான தீர்க்கதரிசனத்தைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்ற பொருளில் எழுதுகிறார் தாகூர். இதைப் படித்துக் காட்டினால் சிரிக்காத பிள்ளை இல்லை. மாமன் சின்னவன், மருமகன் பெரியவன் என்பது கூடுதல் சுவை. கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

உடன்பிறந்தவர் படம் வரைகிறவராக அமைந்த குடும்பங்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. ஆர்.கே. நாராயணின் கதைகளுக்குத் தம்பி ஆர்.கே. லட்சுமண் படம் வரைந்தார். கிரிம் சகோதரர்கள் யாக்கோபும் வில்லெல்மும் திரட்டிய கதைகளின் 1825-ஆம் ஆண்டுச் சிறு பதிப்புக்கு அவர்களுடைய தம்பி லுட்விக் எமில் படம் வரைந்தார். லூயிசா மே ஆல்காட்டின் புகழ்பெற்ற ‘லிட்டில் விமன்’ நாவல் 1868-இல் வந்தபோது அதன் படங்கள் கடைசித் தங்கை மே வரைந்தவை. இவர்களில் யாரை எடுத்தாலும், எழுதுகிற கையும் வரைகிற கையும் ஒரே வீட்டில் வளர்ந்த கதையை வரைந்தே காட்டலாம்.

ஆனால் முதல் புத்தகத்துக்கு ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் பிரான்டே வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வேன்: பின்னாளில் ஆங்கில நாவலாசிரியைகளான ஷார்லட், எமிலி, ஆன் மூவரும், அவர்களுடைய சகோதரன் பிரான்வெலும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சான்று திரட்டுதல்

இதில்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கலாம். கல்லூரி நூலகங்களில் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். காப்புரிமை முடிந்த ஆங்கில நூல்கள் புராஜெக்ட் குட்டன்பர்க்கிலும், தமிழ் நூல்கள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வலைப்பக்கங்களில் சுற்றிவரும் பிறந்தநாள் வாழ்த்துச் செய்திகளைச் சான்றாக எடுக்கவே கூடாது.

சான்றுகளுக்குள் ஒரு வரிசை உண்டு. அந்தக் குழந்தையே குழந்தையாக இருந்தபோது எழுதியது முதல் இடம். வளர்ந்தபின் அவரே எழுதிய நினைவுகள் அடுத்தது. உடன்பிறந்தவர் எழுதியது மூன்றாவது. சில சமயம் இரண்டாவதைவிட இதுவே நம்பகமானது, ஏனென்றால் அண்ணன் மறைத்ததைத் தம்பி போட்டு உடைத்துவிடுவான். மற்றவர்கள் எழுதிய வரலாறு கடைசியில் வரும்.

முதல் வகைச் சான்று கிடைப்பது அரிது. பிரான்டே வீட்டில் அது இருக்கிறது. 1829 மார்ச்சில், தம் பன்னிரண்டாவது வயதில், 1826-இல் நடந்ததைப் பற்றி ஷார்லட் பிரான்டே ஒரு தாளில் எழுதி வைத்தது இது. அப்பா லீட்ஸ் நகரத்திலிருந்து தம்பி பிரான்வெலுக்கு மரப் போர்வீரர் பொம்மைகள் வாங்கி வந்தார். வந்தபோது இரவு, நாங்கள் படுத்துவிட்டோம். மறுநாள் காலை பிரான்வெல் பெட்டியோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். நானும் எமிலியும் கட்டிலிலிருந்து குதித்தோம். நான் ஒரு வீரனைப் பிடுங்கிக்கொண்டு, இவர்தான் வெலிங்டன் பிரபு, இவர் எனக்கு என்று கத்தினேன். எமிலியும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஆன் கீழே இறங்கி வந்ததும் அவளும் ஒன்றை எடுத்தாள். எமிலியின் வீரன் முகத்தை உம்மென்று வைத்திருந்ததால் அவனுக்கு அதற்கேற்ற பெயர். ஆனுடையது அவளைப் போலவே ஒரு விசித்திரமான குட்டி. பிரான்வெல் போனபார்ட்டை எடுத்துக்கொண்டான். என்னுடையதுதான் எல்லாவற்றிலும் அழகு.

ஒரு படப் புத்தகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இரவு, காலை, வாசல், பெட்டி, கட்டில், பிடுங்கல், என்னுடையதுதான் அழகு என்ற அடம். எல்லாம் அந்தச் சிறுமி கைப்பட எழுதியவை. எலிசபெத் காஸ்கெல் 1857-இல் வெளியிட்ட ஷார்லட்டின் வரலாற்றில் இதைப் படிக்கலாம்.

இதற்கு நம் பக்கத்தில் ஓர் ஒட்டு இருக்கிறது. அந்த வெலிங்டன் பிரபு, அதாவது ஆர்தர் வெல்லெஸ்லி, 1799-இல் திப்பு சுல்தான் மீது படையெடுத்த ஆங்கிலப் படையில் இருந்தவர். அந்தப் படை திரண்டு புறப்பட்டது வேலூரிலிருந்து. போர் முடிந்தபின் திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார்கள். யார்க்‌ஷர் வீடொன்றில் பத்து வயதுச் சிறுமி மரப் பொம்மைக்கு வைத்த பெயர், நம் கோட்டை அகழியைப் பார்த்துவிட்டுப் போன ஆளின் பெயர். இதைக் கதைக்குள் நுழைக்காதீர்கள்; ஷார்லட்டுக்கு அந்த நேரத்தில் வேலூர் நினைவிலேயே இருந்திருக்காது. கடைசிப் பக்கக் குறிப்பில் வைத்தால் நம் ஊர்ப் பிள்ளை கோட்டைக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு செய்தியையும் தனித் தாளில் எழுதி, நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அதிலேயே குறித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது பிறகு கிடைக்காது.

கதையைச் சான்றாக எடுக்கும் குழி

இந்தக் குழியில் விழாத புதியவர் குறைவு, அதனால் தனியாகச் சொல்கிறேன்.

‘லிட்டில் விமன்’ நான்கு சகோதரிகளின் கதை; ஆல்காட் வீட்டிலும் நான்கு சகோதரிகள். எனவே நாவலில் வருவதெல்லாம் வீட்டில் நடந்தது என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். நாவலில் தந்தை போர்க்களத்துக்குப் போயிருக்கிறார். உண்மையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது செவிலியாகப் போனவர் லூயிசாதான், தந்தை போகவில்லை. நாவலை நம்பிப் படம் வரைந்தால் போனவரை வீட்டில் உட்கார வைத்து, வீட்டில் இருந்தவரைப் போருக்கு அனுப்பிவிடுவோம்.

நம் மாவட்டத்து உதாரணம் இன்னும் வழுக்கலானது. டாக்டர் மு. வரதராசனார் 1912-இல் பிறந்தவர். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், வாலாஜாப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள வேலம் அவருடைய ஊர். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். தாத்தாவின் பெயரான வரதராசன் நிலைத்துவிட்டது. படப் புத்தகத்துக்குத் தங்கமான தொடக்கம் இது, ஏனென்றால் நம் பக்கத்தில் பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இல்லாத பிள்ளை யார்? ஆனால் அவர் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்று கடித வடிவில் நூல்கள் எழுதியிருக்கிறார். தலைப்பைப் பார்த்ததும், மு.வ. விளக்கடியில் உட்கார்ந்து தம் சொந்தத் தம்பிக்குக் கடிதம் எழுதுவதாகப் படம் வரையக் கை பரபரக்கும். அவை தமிழ் இளைஞர்கள் எல்லாருக்குமாக எழுதப்பட்ட கடித இலக்கியம். வீட்டு விலாசத்துக்குப் போன தபாலாக அவற்றைக் காட்டக் கூடாது. அதேபோல, வாலாஜாப்பேட்டையில் தொடங்கும் ‘அகல் விளக்கு’ நாவலிலிருந்து தெருவையும் காற்றையும் எடுத்துக்கொள்ளலாம். அதில் வரும் சிறுவனின் வாழ்க்கையை எடுத்து மு.வ.வின் தோளில் போடக் கூடாது.

உயிரோடிருக்கும் எழுத்தாளரை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வேறு வசதி இருக்கிறது. அவருடைய அக்காவையோ தம்பியையோ நேரில் பார்த்துப் பேசலாம். இருவரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். மூத்தவர் பேசுவார், இளையவர் தலையாட்டுவார். தனித்தனியாகப் பாருங்கள். “அவர் மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம்?” என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டீர்கள், யார் எங்கே படுப்பீர்கள், அடி வாங்கியது யார், காட்டிக்கொடுத்தது யார் என்று கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் முரண்பட்டால் பதற வேண்டாம். அக்கா இப்படிச் சொல்கிறார், தம்பி அப்படிச் சொல்கிறார் என்று எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படமாகப் போட்டால் புத்தகத்தின் மிக நல்ல இடம் அதுவாகவே இருக்கும். எழுதியதை அச்சுக்கு முன் அவர்களிடம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

வயதுப் பட்டியல்

இது அரைமணி நேர வேலை. தவிர்த்தால் ஓவியம் முழுவதும் தப்பாகும். இடப்பக்கம் ஆண்டுகள், மேலே பிள்ளைகளின் பெயர்கள், கட்டங்களில் வயது. பொம்மை வந்த 1826 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஷார்லட்டுக்கு 10, பிரான்வெலுக்கு 8, எமிலிக்கு 7, ஆனுக்கு 6. நால்வரும் ஒருவர் தோளுக்கு ஒருவர் வரும் உயரம் என்று ஓவியருக்கு உடனே தெரிந்துவிடும்.

நாராயண், லட்சுமண் பட்டியலைப் போட்டால் வேறொன்று தெரியும். நாராயண் 1906-இல் பிறந்தவர், லட்சுமண் 1921-இல். பதினைந்து ஆண்டு இடைவெளி. மயிலும் குரங்கும் வளர்ந்த புரசைவாக்கத்துப் பாட்டி வீட்டில் நாராயண் சிறுவனாகத் திரிந்தபோது இந்தத் தம்பி பிறக்கவே இல்லை. இரண்டு சிறுவர்களும் ஒன்றாகப் பட்டம் விடுவதாக வரைந்தால் அது பச்சைப் பொய். இவர்கள் புத்தகத்தின் வடிவமே வேறாக இருக்க வேண்டும்: இடப்பக்கம் சென்னையில் மயிலோடு ஒரு சிறுவன், வலப்பக்கம் மைசூரில் தரையிலும் சுவரிலும் கிறுக்கும் இன்னொரு சிறுவன், கடைசியில் இருவரும் ஒரே தாளில் வந்து சேர்வது. வகுப்பில் அரச இலை ஒன்றை வரைந்து ஆசிரியரிடம் பாராட்டு வாங்கியதை லட்சுமண் தம் சுயசரிதையில் சொல்கிறார். அந்த இலையை வலப்பக்கத்தில் பெரிதாகப் போடலாம்.

ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

திரட்டிய தாள்களைத் தரையில் பரப்புங்கள். எந்தப் பொருள் இரண்டு மூன்று தாள்களில் திரும்ப வருகிறது? அதுதான் உங்கள் நூல். பிரான்டே வீட்டில் மரப் பொம்மை. தாகூரிடம் பள்ளிக்குப் போகும் வண்டி. பொருள் அகப்பட்டதும் மற்றத் தாள்களில் பெரும்பகுதியைக் கட்டி ஓரமாக வைத்துவிட வேண்டும். திருமணம், வேலை, பட்டம் எல்லாம் ஓரமாக வைப்பதில் சேரும். கஷ்டப்பட்டுத் தேடியதை விட மனம் வராது. வந்துதான் ஆக வேண்டும்.

பக்கத் திட்டம்

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். அச்சகங்களில் இதை டம்மி என்பார்கள். பக்க எண்களை உடனே போட்டுவிடுங்கள். அட்டை தனி. 1-ஆம் பக்கம் தலைப்பு, 2-ஆம் பக்கம் பதிப்பு விவரம். கதை 3-ஆம் பக்கத்தில் ஒற்றையாகத் தொடங்கும். பிறகு 4-5, 6-7, 8-9, 10-11, 12-13 என்று ஐந்து விரிப்புகள், அதாவது எதிரெதிராக விரியும் இரட்டைப் பக்கங்கள். 14-ஆம் பக்கத்தில் முடிவு. 15-இல் பெரியவர்களுக்கான குறிப்பு. 16-இல் காலவரிசையோ வரைபடமோ.

பிரான்டே கதையை இதில் பொருத்திக் காட்டுகிறேன். 3: மேட்டின் மேல் கல்வீடு, காற்று, ஹாவொர்த் என்ற ஊர்ப் பெயர். 4-5: இரவு, அப்பா பெட்டியைக் கையில் பிடித்து மாடிப்படி ஏறுகிறார், பிள்ளைகள் தூங்குகிறார்கள். 6-7: காலை, வாசலில் பிரான்வெல், பெட்டி இன்னும் மூடியிருக்கிறது. இங்கே பக்கத்தைத் திருப்ப வைக்க வேண்டும். 8-9: பெட்டி திறந்துவிட்டது, ஆளுக்கொரு வீரன். 10-11: சாப்பாட்டு மேசை கடலாகிறது, வீரர்கள் கப்பலில் போய்க் கண்ணாடி நகரம் கட்டுகிறார்கள். 12-13: பிள்ளைகள் துண்டுத் தாள்களையும் சர்க்கரைப் பொட்டலத் தாளையும் வெட்டி, நூலால் தைத்து, அந்த வீரர்கள் படிக்கும் அளவுக்குக் குட்டிப் புத்தகங்கள் செய்கிறார்கள், எழுத்து அச்செழுத்துப் போலப் பொடிப்பொடியாக இருக்கிறது. 14: அப்படியொரு புத்தகம், அசல் அளவில், பக்கத்தின் நடுவில்.

அசல் அளவு என்றால் தீப்பெட்டியளவு. தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டியதும் அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காலிப் பெட்டிக்குள் அடங்கும் புத்தகம் செய்யத் தாளும் ஊசிநூலும் தயாராக வைத்திருங்கள்.

எழுதுதல்

பக்கத்துக்கு மூன்று வாக்கியம். ஒரு வாக்கியத்தில் ஒரு வினைமுற்று இருந்தால் நல்லது, இரண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. பக்கத்துப் பள்ளியில் நிலைக்கொன்றாகக் கேட்டு வாங்கி, பக்கத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் புத்தகம் எந்த நிலை என்று முடிவு செய்துகொண்டு எழுதுங்கள்.

படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. “ஷார்லட் மகிழ்ச்சியுடன் சிவப்புச் சட்டை அணிந்த பொம்மையைக் கையில் எடுத்தாள்” என்ற வாக்கியத்தில் ஓவியருக்கு வேலை இல்லை. “ஷார்லட் முந்திக்கொண்டாள்” என்று விடுங்கள். மிச்சத்தை ஓவியர் பார்த்துக்கொள்வார்.

உரையாடலைக் கற்பனை செய்யாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. இவர் எனக்கு என்று ஷார்லட் கத்தியது எழுத்தில் இருக்கிறது, போடலாம். “அக்கா, நாமும் ஒருநாள் பெரிய எழுத்தாளர் ஆவோம்!” என்று எமிலி சொன்னதாக எழுதுவது, அந்தச் சிறுமியின் வாயில் நம் பேராசையைத் திணிப்பது. சான்று இல்லாத இடத்தில் அறையைக் காட்டுங்கள், மழையைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டுங்கள். பேச வைக்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கு இன்னொன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள். பள்ளித் தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி. எழுத்துத் தமிழையே எழுதுங்கள்; ஆனால் ‘அகமகிழ்ந்து’, ‘பேருவகை எய்தி’ போன்றவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

சாவு வரும் இடம்

பழைய காலத்துக் குழந்தைப்பருவத்தை எடுத்தால் சாவு வராமல் போகாது. பிரான்டே வீட்டில் அம்மா 1821-இல் இறந்தார். மூத்த அக்காக்கள் மரியா, எலிசபெத் இருவரும் விடுதிப் பள்ளியிலிருந்து காசநோயோடு திரும்பி 1825-இல் அடுத்தடுத்த மாதங்களில் இறந்தார்கள். ஒன்பது வயது ஷார்லட் ஒரே கோடையில் வீட்டுக்கு மூத்தவளாகிவிட்டாள். பொம்மைப் பெட்டி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

இதை மறைத்தால் அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாகப்பட்டது என்பது விளங்காது. விரித்தால் புத்தகம் அழுகையில் முங்கிவிடும். 3-ஆம் பக்கத்தில் ஒரே வாக்கியம்: “இந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது நான்கு பேர்.” படத்தில், சுவரில் ஆறு ஆணிகள், நான்கில் மட்டும் தொப்பிகள். ‘சாமியிடம் போய்விட்டார்கள்’, ‘நட்சத்திரமானார்கள்’ எல்லாம் வேண்டாம். ஏன் என்று பிள்ளை கேட்கும். உடல்நலமில்லாமல் இறந்துபோனார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக அதை வாங்கிக்கொள்கிறார்கள். நெளிவது பெரும்பாலும் பெற்றோர்தான். ஆணியும் தொப்பியும் என் கற்பனை என்பதை 15-ஆம் பக்கக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். எது சான்று, எது ஓவியக் கற்பனை என்று பிரித்துச் சொல்வதற்கே அந்தப் பக்கம்.

ஓவியம்

அயல்நாட்டுக் கதை என்றால் பழைய புகைப்படங்களையும் அருங்காட்சியகப் படங்களையும் வைத்துக்கொண்டு வரையுங்கள். ஹாவொர்த்தில் தென்னை முளைக்கக் கூடாது. நம் ஊர்க் கதை என்றால் சாக்குப்போக்கு எடுபடாது. போய்ப் பார்க்க வேண்டும். வாலாஜாப்பேட்டையில் இறங்கி, வேலம் வரை போய், வழியில் என்ன மரம், மண் என்ன நிறம், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று வரைந்துகொண்டு வாருங்கள். பாலாற்றை நீலமாக அடித்து வைக்கும் ஓவியர்களை நான் மன்னிப்பதில்லை. ஆண்டில் பெரும்பகுதி அது மணல். மணலின் நிறத்திலேயே நாலைந்து வகை உண்டு.

காலத்தையும் சரிபாருங்கள். மு.வ. சிறுவனாக இருந்த காலத்துக் கிராமத்தில் மின்கம்பம் வரையக் கூடாது. ஆனால் ரயில் வரையலாம்: தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்துவிட்டது. மு.வ. பிறந்தபோது அந்தப் பாதைக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

லட்சுமணின் கோட்டோவியங்களை நகலெடுத்து ஒட்டாதீர்கள். இந்தியாவில் ஒருவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்குக் காப்புரிமை உண்டு. லட்சுமண் மறைந்தது 2015-இல். தாகூர் மறைந்தது 1941 என்பதால் அவர் எழுத்துகள் 2002 முதல் பொதுவில் இருக்கின்றன. வாழ்க்கை நிகழ்ச்சிகளை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; இன்னொருவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுக்கத்தான் அனுமதி வேண்டும்.

படித்துக் காட்டிப் பார்த்தல்

பென்சில் படங்களோடு டம்மி தயாரானதும் வண்ணத்தைத் தொடாமல் பிள்ளைகளிடம் எடுத்துப் போங்கள். சொந்தப் பிள்ளைகள் வேண்டாம், அவர்கள் பொய்யாகப் பாராட்டுவார்கள். ஆறேழு பேர் போதும். அதில் ஓர் அக்கா தம்பி இருந்தால் இன்னும் நல்லது. பீடி சுற்றும் வீடுகளில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே படிக்கும் சிறுமிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்டவள் சொல்லும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

படிக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்தில் கண் படத்தை விட்டு விலகுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், “இதில் நீ யார்?” என்று கேளுங்கள். நான்தான் ஷார்லட், இவன்தான் பிரான்வெல் என்று சண்டை தொடங்கினால் புத்தகம் நிற்கிறது என்று பொருள். யாரும் யாராகவும் ஆகவில்லை என்றால் பொருளைப் பிடித்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அச்சு

நூறு படிக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்ட். சில நூறுக்கு மேல் போனால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். 16 பக்கத்துக்கு, நடுமடிப்பில் பின் அடிக்கும் சென்டர் பின் போதும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். படங்கள் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஓரங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல். தமிழ் எழுத்துருவில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள்; அச்சகத்துக் கணினியில் பழைய எழுத்துரு இருக்கும்; கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்து, ஒரு படி அச்செடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தபின் மற்றவற்றுக்குச் சரி சொல்லுங்கள். ஷார்லட்டின் ‘ஷா’ போன்ற கிரந்த எழுத்துகளை முதலில் பாருங்கள், உடைவது அங்கேதான்.

நூலுக்கு அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி வெளியீட்டாளர் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்றப் பொது நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டும். அச்சிடப் பணம் இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தின்கீழ் ஏற்றலாம். அப்படி ஏற்றியதை யாரும் எடுத்து அச்சிடலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். இதற்கு ஓவியரின் சம்மதத்தையும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் ஓவியரின் பெயர் எழுத்தாளர் பெயரின் அளவிலேயே இருக்கட்டும்.